சீராக வந்த வரைபடம்

1959ஆம் வருஷம் ஆடிப் பதினெட்டு அன்று பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, அரியமங்கலம் ஓராசிரியர் பள்ளியின் மேற்குச் சுவரில் மாட்டியிருந்த திருச்சி மாவட்ட வரைபடத்திலிருந்து காவேரித் தண்ணீர் வடியத் தொடங்கியது. குடம் வைத்துப் பிடித்ததில் சாயங்காலத்துக்குள் நான்கு குடம் தேறியது. புதுத் தண்ணீர் என்பதால் நுரையும் செம்மண் நிறமுமாக இருந்தது. கூடவே ஒரு கெண்டைக் குஞ்சும் வந்தது. அதைப் பள்ளிக் கிணற்றில் விட்டார்கள்.

அந்தப் பள்ளிக்கு ஒரே ஆசிரியை அக்னஸ். பாலக்கரையிலிருந்து தினமும் நடந்து வருவார். பள்ளியில் அதுவரை இருந்தவை ஒரு கரும்பலகை, ஒரு மணி, பத்தொன்பது பிள்ளைகள். சிலேட்டு இல்லாததால் மணலில் எழுதிப் படித்தார்கள். காற்றடித்தால் அன்றைய பாடம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். இதைப் பார்க்கவா பிள்ளையை அனுப்புவது என்று பெற்றோர்கள் ஆடு மேய்க்கவும் பட்டறைக்குமாக அனுப்பினார்கள். ஆய்வாளர் அமிர்தசாமி வந்து பார்த்துவிட்டு, ஒன்றரை வருஷத்துக்குள் நாற்பது பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவதாகச் சொல்லிப் போனார். மூடினால் அக்னஸுக்கு வேறு ஊர் கிடைக்கும், பத்தொன்பது பேருக்கும் எதுவும் கிடைக்காது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வீடு வீடாக, கடை கடையாகப் பள்ளிக்குப் பொருள் கேட்கக் கிளம்பினார்.

ஊர் கொடுத்தது, சிலேட்டிலிருந்து பெஞ்சு, மேஜை, நாற்காலி வரைக்கும். பள்ளிக்குக் கொடுப்பதைச் சும்மா தூக்கிக்கொண்டு வருவது அந்த நாளில் மரியாதையில்லை. கல்யாணச் சீர் போலத் தாம்பாளத்தில் அடுக்கி, நாயனத்தோடு ஊர்வலமாகக் கொண்டுவர வேண்டும். அக்னஸ் மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரர். எல்லோருக்கும் வேலையில்லாத நாளாகப் பார்த்து, அது என்ன நாள் என்று யோசிக்காமல், ஆடிப் பதினெட்டைக் குறித்துவிட்டார். பெண்கள் ஒரு கையில் பள்ளிச் சீரும் மறு கையில் காவேரிக்குப் படைக்கும் மஞ்சள், காதோலை கருகமணியுமாக வந்தார்கள். சீரை வைத்துவிட்டு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போவதாகத் திட்டம். நாயனக்காரர் உற்சாகத்தில் ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று வாசித்ததில் பஸ் போய்விட்டது. முன்னால் வந்த மயிலம்மாள் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்தாள். நீல மையில் வளைந்து போகும் கோட்டை விரலால் தொட்டாள்.

"இதுவும் காவேரிதானுங்களே, டீச்சரம்மா?"

பூகோளப்படி அது சரிதான் என்பதால் அக்னஸ் மறுக்கவில்லை. பெண்கள் படத்தில் காவேரி இரண்டாகப் பிரிகிற முக்கொம்புக்கு மஞ்சள் வைத்து, ஆணியில் மஞ்சள் சரடு கட்டி, காதோலை கருகமணியைப் படத்துக்குக் கீழே வைத்துக் குலவை இட்டார்கள். மூன்றேகாலுக்குத் தண்ணீர் வந்தது.

வரைபடத்தைக் கொடுத்தவர் ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி சம்பத் ஐயங்கார், ஓய்வுபெற்ற சர்வேயர். ஆளுயரத் துணியில், இரண்டு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், ஆறு வருஷம் உட்கார்ந்து வரைந்தது. செய்தி போனதும் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். "அடியேன் போட்ட கோட்டிலே ஒரு தப்பு கிடையாது. காவேரியே வந்துட்டாளோல்லியோ, அதுவே சாட்சி" என்றார். பிறகு முக்கொம்பில் பொடிப் பொடியாக மதகுகள் வரைந்து மூடினார். அதன் பின் பூகோள வகுப்புக்கு மட்டும் மதகைத் திறப்பார்கள். டெல்டாப் பாசனத்தைப் பிள்ளைகள் கணுக்கால் நனைய நின்று படித்தார்கள், மறக்கவே இல்லை.

மற்ற சீரும் சும்மா இருக்கவில்லை. பெரிய கடைவீதியில் பழைய புத்தகம் விற்ற காஜா மைதீன் நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் அனுப்பியிருந்தார். பாதிக்குமேல் கடைசிப் பக்கம் கிடையாது. முடிவு தெரியாமல் தூக்கம் வரவில்லை என்று பிள்ளைகள் சண்டை போட, நீங்களே சொல்லுங்கள் என்று அக்னஸ் விட்டுவிட்டார். எந்த முடிவுக்கு அதிகக் கை உயர்ந்ததோ அது மறுநாள் காலை அச்சாகிப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுத்துப்பிழைகள் மட்டும் பிள்ளைகளுடையவை. அந்தக் கூச்சத்திலேயே எல்லோரும் பிழையில்லாமல் எழுதக் கற்றார்கள். தச்சர் பிச்சமுத்து இழைத்துக் கொடுத்த அடிக்கோல்களோ, கையில் எடுத்த பிள்ளையை எதையாவது அளக்காமல் இருக்க விடாது. ஆடு, பஸ், ஆய்வாளர் உட்கார்ந்த நாற்காலி எல்லாம் அளக்கப்பட்டன. ஆடு மேய்க்கப் போன பிள்ளைகள் ஆட்டோடு வந்து ஜன்னலில் நின்றார்கள். ஆட்டை வெளியே கட்டிவிட்டு வா என்று அக்னஸ் சேர்த்துக்கொண்டார். வருஷம் திரும்புவதற்குள் முப்பத்தொன்று ஆயிற்று. அதற்குமேல் ஏறவில்லை, அரியமங்கலத்தில் பிள்ளைகள் தீர்ந்துவிட்டார்கள்.

1960 மார்கழியில் ஒருநாள் அக்னஸ் பிரம்பால் பச்சைமலையைச் சுட்டியபோது படத்திலிருந்து குளிர்காற்று வந்தது. வீரமலை என்ற நான்காம் வகுப்புப் பையன் கையை விட்டுப் பார்த்தான், பிறகு காலை, பிறகு ஆளைக் காணவில்லை. பத்து நிமிஷம் கழித்து ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தான். அன்று முதல் பாடம் மலையில் நடந்தது. பத்து மணிக்குப் போனால் சாப்பாட்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அக்னஸ் போட்ட சட்டம். பெரியவர்களைப் படம் உள்ளே விடவில்லை. சம்பத் ஐயங்காருக்குத் தலை மட்டும் போயிற்று. பெரம்பலூர்ப் பக்கம் மழை தூறுவதாகச் சொல்லிவிட்டு நாமம் நனைந்து வெளியே வந்தார்.

மலைக்குள் போன பிள்ளைகள் படத்தில் இல்லாத ஓர் ஊரைக் கண்டுபிடித்தார்கள். பெயர் சாமைக்குழி. பதினெட்டு வீடு, சாமையும் மரவள்ளியும் விளைகிற காடு, பள்ளிக்கூடமே பார்க்காத பதினான்கு பிள்ளைகள். கடைசிப் பக்கத்துச் சமாச்சாரத்தைக் கேட்டதிலிருந்து அந்தப் பதினான்கு பேருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கூடவே கிளம்பி வந்தார்கள், ஆனால் வெளியே வர முடியவில்லை. படத்தில் ஊர் இல்லையென்றால் படத்தின் வழியாக வர முடியாது. துணி அந்த இடத்தில் பதினான்கு இடமாகப் புடைத்து நின்றது.

மயிலம்மாளின் மகள் இருளாயி ஐந்தாம் வகுப்பு, கணக்கில் புலி. அவள் நேரே சம்பத் ஐயங்காரிடம் கேட்டாள், அந்த ஊரை ஏன் போடவில்லை என்று.  ஐயங்கார் அவமானத்தோடு சொன்னார்.

"அங்கே அடியேன் ஏறலேம்மா. மூச்சு வாங்கித்து. கீழே நின்னுண்டே வரைஞ்சுட்டேன்."

மறுநாள் தம்முடைய சர்வே சங்கிலியையும் மைக்கூட்டையும் தாமே தாம்பாளத்தில் வைத்து, நாயனம் இல்லாமல் கொண்டுவந்து கொடுத்தார். அளந்து போடுங்கோ, குத்துமதிப்பு வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். இருளாயி தலைமையில் இருபத்திரண்டு பேர் சங்கிலியோடு மலைக்குப் போனார்கள். மூன்று நாள் வேலை.

மூன்றாம் நாள், 1961 பிப்ரவரி பதினேழாம் தேதி, சொல்லாமல் கொள்ளாமல் அமிர்தசாமி வந்தார். எண்ணினார், ஒன்பது பேர் இருந்தார்கள். மிச்சப் பேர் எங்கே என்று கேட்டார். பச்சைமலைக்கு அளக்கப் போயிருக்கிறார்கள் என்று அக்னஸ் உண்மையைச் சொன்னார். அமிர்தசாமி பேனா மூடியைக் கழற்றினார். சாப்பாட்டு மணி வரை பொறுக்கச் சொல்லி அக்னஸ் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, பொறுத்தார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இருளாயி சுவரிலிருந்து இறங்கினாள். காலெல்லாம் முள் கீறல். ஆய்வாளரைக் கவனிக்கவே இல்லை. சிலேட்டில் கூட்டினாள், வகுத்தாள், பெஞ்சு மேல் ஏறி மையைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தாள். பக்கத்தில் சாமைக்குழி என்று எழுதினாள். மை காய்வதற்குள் முதல் பிள்ளை சுட்ட மரவள்ளிக்கிழங்கோடு வகுப்புக்குள் குதித்தது. பின்னாலேயே மற்றவர்கள், அரியமங்கலத்துப் பிள்ளைகளும் மலைப் பிள்ளைகளும் கலந்து, சிரித்துக்கொண்டு, புழுதியும் சளியுமாக. நாற்பத்தைந்து பேர். அக்னஸ் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார்.

அமிர்தசாமி இருபது வருஷ வேலையில் வருகைப் பதிவேடுகளில் இதைவிட விசித்திரங்களைப் பார்த்தவர். பிள்ளைகள் சுவரிலிருந்து வருவதை அவர் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் விதி ஒன்று இருந்தது. பள்ளியிலிருந்து ஒரு மைலுக்குள் குடியிருக்கும் பிள்ளைகளைத்தான் கணக்கில் சேர்க்கலாம். பச்சைமலை முப்பது மைலுக்கு மேல், அங்கே ஒழுங்காக பஸ்கூட இல்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்.  பதினான்கு பேரும் கிழங்கை மெல்லுவதை நிறுத்தினார்கள்.

இருளாயி பிச்சமுத்துவின் அடிக்கோலை நீட்டினாள். "அளந்துட்டுச் சொல்லுங்க சார்."

கோல் கைக்கு வந்துவிட்டால் யாரும் சும்மா இருக்க முடியாது. அமிர்தசாமி பெஞ்சு மேல் ஏறினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அரியமங்கலத்திலிருந்து சாமைக்குழி வரைக்கும் கோலை வைத்து ஒரு தடவை, நகர்த்தி வைத்து இன்னொரு தடவை அளந்தார். சந்தேகத்துக்குத் திரும்பவும் அளந்தார். இறங்கி வந்து பதிவேட்டில், வருகை நாற்பத்தைந்து, மிகத் தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்குத் தூரம் பதினாறரை அங்குலம், நடந்து வருகிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.