நம்பி ஏறு, மேலே போகலாம்

மலையகத்து டயகம பஜாரில் ஆட்டோ ஓட்டும் ஒரே பெண் தனுஜா. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள், ஒரு பழைய சிவப்பு ஆட்டோவை வாங்கி ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். “பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு?” என்று அவள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அன்று காலை அவளுடைய போனுக்கு வந்திருந்த வாசகம் அப்படி: ‘கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் வேலையையே முடித்துவிடலாம்.’

அனுப்பியவள் ரிஃப்னா. பஜாரில் போட்டோகொப்பி, லெமினேட்டிங், வாகனங்களுக்கு ஸ்டிக்கர் வெட்டுவது என்று கடை நடத்துபவள். கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று தினமும் காலையில் சூரிய உதயம், பூ, அருவி என ஏதாவது ஒரு படத்தின்மேல் ஒரு வாசகத்தைச் சொந்தமாக எழுதி, தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் அனுப்புவாள். மற்றவர்கள் கும்பிடு போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். தனுஜா மட்டும் அன்றைக்கே அதைச் செய்து பார்ப்பாள்.

‘இன்று அறியாத ஒருவருக்கு வணக்கம் சொல்’ என்று ஒருநாள் வந்தது. தனுஜா நேரே போய், சந்தியில் நின்ற ட்ராபிக் பொலிஸ்காரருக்குப் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்தி வணக்கம் சொன்னாள். தானாக வந்து நிற்கும் வண்டியைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம். லைசன்ஸ், இன்சூரன்ஸ், ஹோர்ன், லைட்டு எல்லாவற்றையும் பார்த்து முடித்து, கடைசியில் அவரும் ஒரு வணக்கம் வைத்தார்.

“நீ ஒரு பைத்தியம்டி” என்றாள் ரிஃப்னா, கதையைக் கேட்டு.

“அவரு இப்ப தெனமும் கை காட்டுறாரு, தெரியுமா?”

ஆட்டோவின் பின்கண்ணாடிக்கும் ஒரு வாசகம் கேட்டாள் தனுஜா. வாழ்க்கையில் முன்னேறுவது பற்றி இருக்கவேண்டும், சவாரிக்கும் பொருந்தவேண்டும். ரிஃப்னா பேனாவைக் கடித்து யோசித்து, பெரிய மஞ்சள் எழுத்தில் வெட்டி ஒட்டிக் கொடுத்தாள்: ‘நம்பி ஏறு, மேலே போகலாம்.’

ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரர் அழகன் அதை ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஏம்மா, மேலேன்னா எந்த மேலே?” என்று விரலை வானத்துக்கு நேரே நீட்டினார். “இதுல ஏறுனா நேரா அங்கதானா?”

தனுஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கடைக்கு ஓடினாள். விஷயத்தைக் கேட்ட ரிஃப்னாவுக்கு முதலில் முகம் வெளிறியது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு விக்கலே வந்துவிட்டது.

“கொண்டா, உரிச்சுர்றேன்.”

“வேணாம். நீ எந்த அர்த்தத்துல எழுதுன?”

“நல்ல அர்த்தத்துலதான்.”

“அப்ப அந்த அர்த்தத்துலயே இருக்கட்டும்.”

சொல்லிவிட்டாளே ஒழிய, சவாரி குறைந்தது. பிரஷர் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒரு பெரியவர் கண்ணாடியைப் படித்துவிட்டு, “நான் மெதுவா நடந்தே போறேன் தாயி” என்று நடந்தார். போட்டோ எடுத்தவர்கள்தான் அதிகம்.

அப்படியிருக்கையில் கிருஷாந்தியின் கல்யாணம் வந்தது. லயத்தில் தனுஜாவுக்குப் பக்கத்துக் காம்பராக்காரி, அடுத்த வீட்டுப் பெண். தாலிகட்டு, மலைக்கு மேலே தோட்டத்து மேல்டிவிசன் மாரியம்மன் கோயிலில். அன்று காலை நல்ல மழை. வரவேற்பு பேனரை வாசலில் கட்டுவதற்காக ரிஃப்னாவையும் ஏற்றிக்கொண்டு தனுஜா போனாள். பாதி வழியில், மண் சரிந்து பாதை குறுகியிருந்த இடத்தில், மாப்பிள்ளை வீட்டு வேன் நுழைய முடியாமல் முக்கிக்கொண்டு நின்றது. வலப்பனையிலிருந்து வந்த சனம் குடை பிடித்து ஓரமாக நின்றது. மற்ற ஆட்டோக்கள் எல்லாம் ஏற்கெனவே மேலே போய்விட்டன. அங்கே மேளச்சத்தத்தில் யாரும் போனை எடுக்கவில்லை.

சிங்கள வேன்காரர் அவளைக் கண்டதும் ஓடிவந்தார். “நங்கி, உடட்ட யன்ன புலுவன்த?” தங்கச்சி, மேலே போக முடியுமா என்று கேட்டார்.

“புலுவன்!” முடியும் என்றாள் தனுஜா.

மாப்பிள்ளை தர்ஷன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். அவனுடைய அம்மா லெட்சுமி கண்ணாடியைப் படித்தார். அப்படியே நின்றார்.

“மேலே போகலாமா? கல்யாணத்தன்னைக்கா? யாருடா இத எழுதுனது?”

ரிஃப்னா பேனருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“அம்மா, கிருஷாந்தி மேலதானே இருக்கா?” என்ற தர்ஷன் தலைப்பாகையைக் கழற்றாமலே குனிந்து ஏறிவிட்டான். மகன் ஏறியபிறகு அம்மா என்ன செய்வார்? முனகிக்கொண்டே ஏறினார். தாலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தாய்மாமன் சோலைமலையும் ஏறினார். மூன்று பேரும் நல்ல உடம்புக்காரர்கள்.

ஆட்டோ கிளம்பி, செங்குத்தான வளைவை அடைந்தது. அங்கே முன்சில்லு, அந்த ஒற்றை முன்சக்கரம், தரையைவிட்டு எழும்பியது.

“ஐயோ, பறக்குது!” என்று கத்தினார் லெட்சுமி.

தனுஜா பிரேக்கை மிதித்தாள். அவர்களுக்கு இடம் விட்டு இறங்கி, பின்னால் பேனரோடு நடந்துவந்த ரிஃப்னா மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

“ரிஃப்னா, காலையில என்ன அனுப்புன?”

“இப்ப எதுக்குடி அது? எனக்கே ஞாபகமில்ல!”

“‘முன்னால் போகமுடியாதபோது கலங்காதே, திரும்பி நின்று பார்.’”

“அது மனசப் பத்தி எழுதுனது!”

“வண்டிக்கு மட்டும் மனசு இல்லையா?”

ஆட்களை இறக்கி, கீழே அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பினாள். மறுபடி ஏற்றிக்கொண்டு, ரிவர்ஸ் கியரைப் போட்டு, தலையை வெளியே நீட்டி, பின்பக்கமாக மலை ஏறத் தொடங்கினாள். இப்போது பாரமெல்லாம் மேட்டுப் பக்கம். முன்சில்லு சமர்த்தாகத் தரையிலேயே இருந்தது. இஞ்சின் கதறியது, ஆனால் வண்டி ஏறியது!

கண்ணை இறுக மூடியிருந்த லெட்சுமி ஒரு கண்ணைத் திறந்தார். காலடியில் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்துகொண்டே போனது. தேயிலை மலை, வெள்ளை மேகம், தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்துப்போன அவர்களுடைய வேன். அவருக்கு என்னவோ செய்தது. கையை நீட்டி வேனுக்கு டாட்டா காட்டினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு சோலைமலைக்கும் தொற்றி, தாலித் தட்டு மடியில் குலுங்கியது.

“அம்மா, மெதுவா! தாலி!” என்று தர்ஷனும் சிரித்தான்.

கோயில் வாசலில் மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வளைவில் ஒரு ஆட்டோ முதுகைக் காட்டிக்கொண்டு ஏறி வந்தது. மஞ்சள் எழுத்து பெரிதாகிக்கொண்டே வந்தது. எழுத்துக்கு மேலே ஒரு தலைப்பாகை. எட்டிப் பார்த்த கிருஷாந்தி, மணப்பெண் என்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நேரம் தவறவில்லை. தாலி கட்டும்போதும் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பந்திக்கு வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டார் இன்னும் கீழே நின்றார்கள். அவர்களில் சின்ன உடம்புக்காரர்களை முன்பக்கமாகவே ஏற்றி வந்திருக்கலாம். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

“லெட்சுமி அக்காவ கூட்டிட்டுப் போன மாதிரியே போகணும்.”

தனுஜா திரும்பத் திரும்ப ரிவர்ஸில் ஏறினாள். ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து கூச்சலும் சிரிப்பும். மேலேயிருந்து இறங்கி வந்த அழகனும் ஆசைப்பட்டுத் தன் வண்டியைப் பின்பக்கமாக ஏற்றிப் பார்த்து, தேயிலைச் செடிக்குள் போய் நின்றார். நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். இழுத்தவர்களைவிட அவரே அதிகம் சிரித்தார்.

பந்தியில் ரிஃப்னா இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

“சும்மா எழுதுறதுடி அதெல்லாம். படத்துல எடம் காலியா இருக்குன்னு எழுதுவேன். நீ இப்படி மலையே ஏறுனா எனக்கு பயமா இருக்கு.”

“நீ சும்மா எழுதலாம். நான் சும்மா படிக்கலையே” என்றாள் தனுஜா, ஜிலேபியை மென்றுகொண்டே. “நாளைக்கு நல்லா யோசிச்சு எழுது, என்ன?”

ரிஃப்னாவுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. தன் ஜிலேபியையும் எடுத்து அவள் இலையில் வைத்தாள்.

போட்டோ பிடிக்க லெட்சுமியே வந்து இருவரையும் கையைப் பிடித்து இழுத்துப்போனார். போட்டோக்காரர் “இங்க பாருங்க” என்றார். ரிவர்ஸில் ஏறும்போது தலையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்ததில் தனுஜாவின் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. முன்பக்கம் திரும்பவே இல்லை.

“பரவாயில்ல, எடுங்க!” என்று அவள் பக்கவாட்டில் பார்த்தபடியே கத்தினாள். அந்தப் பக்கம் நின்ற லெட்சுமிக்கு அதைக் கேட்டு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து எல்லோருக்கும் வந்தது. படத்தில் ஒரு முகம்கூட நேராக விழவில்லை.