பொதுப்பெட்டி

இப்போதெல்லாம் ரெண்டு பேர் சேர்ந்து நின்றால் போதும், அதற்கு ஒரு பேர் வைத்து ஒரு நோட்டும் வாங்கிவிடுகிறார்கள். மூன்றாவது ஆள் வந்தால் அவன் தலைவர். நான்காவது ஆள் வந்தால் சண்டை. இராயப்பன் பார்க்காத கூட்டமா? வெள்ளைக்காரன் மூட்டை கட்டிய வருசம், மில் வாசலில் இராயப்பனோடு பட்டினி உட்கார்ந்த தலைவர்கள் ஒவ்வொருத்தராகப் பின்வாசல் வழியே முதலாளியிடம் பேசப் போனார்கள். வேலை பறிபோய்க் கிடந்த அவன், தன் கைக்குழந்தையை மாதா கோயில் பொதுப்பெட்டியில் வைத்துத் தூக்கிப் போனான்.

பொதுப்பெட்டி என்பது, பெட்டி செய்ய வக்கில்லாதவர்களுக்கென்று கோயில் கொட்டகையில் கிடக்கிற சவப்பெட்டி. கல்லறைத் தோட்டம்வரை பிணம் அதில் போகும். குழியில் துணியோடு இறக்கிவிட்டால் பெட்டி காலியாகத் திரும்பும். குழந்தையை இறக்கிய அன்று காலிப் பெட்டியைத் தனியாகச் சுமந்து வந்தவன், அந்தக் கொட்டகைச் சாவியைத் தானே வைத்துக்கொண்டான். பன்னிரண்டு வருசமாக அது அவன் அரைஞாண் கயிற்றில் கிடக்கிறது.

அன்றைக்கும் விடிய மில் சங்கு ஊதி ஓய்வதற்குள் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின் முன்னால் நின்றான். பஞ்சுத்தூசி இமையிலும் மூக்கிலும் அப்பியது. இருமினால் சளி நூல் நூலாக வந்தது. பக்கத்து மெஷினில் சின்னப்பன், சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டான்.

"மாமா, ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு மரப்பட்டறைக்கு வாங்க. போத்தனூர்ல இருந்தும் ஆளுக வாராங்க."

"அவனுக பதித சபைக்காரனுக. மாதாவைக் கும்பிடாதவனோட என்றா சாவகாசம்?"

"கும்பிடாட்டியும் அவிகளுக்கும் இடுப்பு வலிக்குதுங் மாமா."

சின்னப்பன் ஆரம்பித்த கூட்டத்துக்குத் தச்சன் சபை என்று பேர். ரெண்டு வருசத்துக்கு முன்னால் மே மாதம் முதல் தேதி, சூசையப்பர் திருநாளன்று, ஆறு பேர். மரப்பட்டறையில் கூடிச் சுவிசேஷத்தில் ஒரு பக்கம் வாசிப்பார்கள், தொழிலாளர் சட்டத்தில் ஒரு பக்கம். இப்போது மூன்று ஊரில் நாற்பது பேர். செங்கொடிச் சங்கம் கேட் கூட்டம் போட்டால் ஜெபமாலையோடு போய் முன்வரிசையில் நிற்பார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே இந்தச் சபையைப் பிசாசின் பள்ளிக்கூடம் என்றார்.

"சேசுநாதரு தச்சு வேலை செஞ்சவரு. கூலியைக் கொறைச்சிருந்தா சும்மா இருந்திருப்பாருங்களா?"

"அவரு மூணாம் நாள் எந்திரிச்சுப்போட்டாரு. நீ எந்திரிக்க மாட்டே. வேலையப் பாரு."

அந்த மாசம் புது உத்தரவு. மெஷினை நிறுத்தாமலே துடைக்க வேண்டும், நிறுத்தினவன் வெளியே. எட்டு மணிக்குச் சின்னப்பன் துடைக்கக் கை விட்டான். கம்பிப்பல் உருளை விரலைக் கவ்வி, முழங்கையைத் தின்று, தோளில் வந்து நின்றது. இராயப்பன் கட்டையால் மெஷினை ஓட்டும் பெல்ட்டைத் தட்டித் தள்ளுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மேனேஜர் சுந்தரராஜுலு வந்து முதலில் மெஷினைத்தான் குனிந்து பார்த்தார்.

"கம்பி கெட்டுப்போச்சா?"

"ஆளு கெட்டுப்போச்சுங்க," என்றான் இராயப்பன்.

"ஆஸ்பத்திரிக்கு வண்டி வேணும்னா சீட்டு வேணும். கைநாட்டு வை."

எந்தக் காகிதத்தையும் நம்பாதவன் அன்றைக்கு மையைக்கூடத் தேடவில்லை. விரலில் ஈரமாக இருந்ததே போதுமாக இருந்தது. அழுத்தினான். வண்டி தெரு தாண்டுவதற்குள் சின்னப்பன் போய்விட்டான். ஹாலில் அந்த மெஷினைத் திரும்ப ஓட்டினார்கள். கொஞ்ச நேரம் பஞ்சு சிவப்பாக வந்தது. அதைக் கழிவில் போடச் சொன்னார் மேனேஜர்.

மறுநாள் மத்தியானம் கார்டிங் ஆட்கள் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். "மெசினை நிறுத்தித் தொடைக்க வுடுங்க. செத்தவன் பொண்டாட்டிக்கு வழி சொல்லுங்க."

மேனேஜர் சிரித்தார். "மெஷின் நின்னுதான் இருந்தது. குடிச்சிட்டு வந்து அவனே ஓட்டிக் கைய வுட்டான். நான் சொல்லலீங்கப்பா. உங்க பெரியவர் இராயப்பன் கைநாட்டு வெச்சுச் சொல்லியிருக்காரு."

எல்லாத் தலையும் இராயப்பன் பக்கம் திரும்பியது. ஒருத்தன் அவன் காலடியில் காறித் துப்பினான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து பிணம் நேராகக் கோயில் முன்னால் வந்தது. சாமியார் படியிலேயே மறித்தார்.

"இவனுக்கு மணி கிடையாது. மந்திரித்த மண்ணும் கிடையாது. மிச்சப்பேர் சபையைக் கலைத்துவிட்டோம் என்று எழுதிக் கொடுக்கட்டும், கல்லறைக் கதவைத் திறக்கிறேன்."

ஆட்கள் சின்னப்பன் பெண்டாட்டி சவரியம்மாளைப் பார்த்தார்கள். அவள் சொன்னால் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவள் பிணத்தின் மேல் மொய்த்த ஈயை முந்தானையால் ஓட்டிக்கொண்டே சொன்னாள்: "எழுதிக் குடுக்காதீங்க. செவுத்துக்கு வெளிய பொதைச்சுக்கறேனுங் சாமி."

சாமியார் கையை நீட்டினார். "இராயப்பா, கொட்டகைச் சாவியை இங்கே வை."

கிழவன் இடுப்பைத் தடவினான். "மண்ணு மந்திரிச்சது, அது உங்குளுதுங் சாமி. பொட்டி வெறும் பலகைங்க. என்ற புள்ளை படுத்துப்போன பலகை." கொட்டகைப் பக்கம் நடந்தான்.

கல்லறைச் சுவருக்கு வெளியே வேலாமரத்தடி. சுக்கான் தரையில் கடப்பாரை நெருப்புப் பறக்க எகிறியது. பெட்டியைத் தூக்கின எட்டுப் பேரில் நாலு பேர் போத்தனூர் ரயில்வே ஷெட் ஆட்கள். ஜெபம் சொல்லச் சாமியார் இல்லை, தூக்கி வந்தவர்களே பரலோக ஜெபத்தை ஆரம்பித்தார்கள். கோயில் ஆட்கள் அப்பம் என்ற இடத்தில் போத்தனூர்க்காரர்கள் ஆகாரம் என்றார்கள். குரல் இடறி நின்றது. சவரியம்மாள் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். ரெண்டு பக்கமும் அவள் பின்னால் ஓடி, ஆமென்னில் வந்து சேர்ந்தன.

மண் மூடியதும் போத்தனூர்த் தாவீது நோட்டை எடுத்தான். "திங்கக்கெழமை மூணு ஊரும் சேந்து ஃபேக்டரி இன்ஸ்பெக்டர்கிட்டப் போறோம். நாளையில இருந்து ஓடற மெசின்ல ஒருத்தரும் கை வெக்கக் கூடாதுங்க." பதினோரு பேர் புதிதாகப் பேர் கொடுத்தார்கள். பொள்ளாச்சியில் கயிறு திரிக்கிற வேதக்காரர்கள் தங்களுக்கும் ஒரு சபை வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மத்தியானம் துப்பினவன் இராயப்பன் பக்கத்தில் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"உங்க பேருங்க பெரியவரே?" என்றான் தாவீது.

"என்ற பேரை எழுதாதே. கைநாட்டும் வெக்க மாட்டேன். வெச்ச ஒண்ணு போதும். திங்கக்கெழமை வந்து அந்த இன்ஸ்பெக்டர் மூஞ்சிக்கு நேரா வாயால சொல்றேன். மெசின் ஓடிட்டிருந்துச்சு. அவன் குடிக்கலே. என்ற கைதான் பொய் சொல்லிப்போடுச்சு."

"வேலை போயிருமுங்க."

"போனதில்லையா?"

"அப்பறம் சபையில சேர்றதுக்கு என்னங்க?"

"உங்க தலைவரு பின்வாசல்ல போற அன்னைக்குப் பாக்கறதுக்கு நான் வெளிய நிக்கோணும்."

சவரியம்மாள் நிமிர்ந்தாள். "மரப்பட்டறைக்கு ஒத்த வாசல்தானுங் மாமா."

"இப்போதைக்கு ஒண்ணு. ஆளு சேரட்டும் அம்மணி, ரெண்டாவது வெச்சுக்குவாங்க."

காலிப் பெட்டியை நிமிர்த்தித் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்தான். பத்தடி போவதற்குள் பின்பாரம் குறைந்தது. யாரோ ஏந்திக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

"போத்தனூர்க்காரனா?"

"ஆமாங்க."

"கொட்டகை வரைக்குந்தான்," என்று சொல்லிவிட்டுக் கிழவன் நடையை எட்டிப் போட்டான்.