ஏரிக்குக் கொடுத்த கெடு

"கெடுவைத் தள்ளிவைக்க ஜேர்மன் தரப்புக்கு ஆட்சேபனை இல்லை" என்று அனுஷன் சொன்னபோது, தன் காதில்தான் ஏதோ பிழை என்று கிருபாஷினி நினைத்தாள். டென்மார்க்கின் தெற்கு எல்லையில், பாதி இந்த நாட்டுக்கும் பாதி ஜேர்மனிக்குமாகக் கிடக்கிற ஓர் ஏரியைப் பார்த்தபடி இருந்த விடுதியில் கூட்டம் நடந்தது. ஏரித்தண்ணீர் எந்த அளவுக்கு, எப்போதைக்குள் தெளிய வேண்டும் என்று இரண்டு நாடுகளும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். டென்மார்க் தரப்புக்காக ஓகூஸ் நகரிலிருந்து வந்த கிருபாஷினி ஆறு வருடக் கெடு கேட்டிருந்தாள். அதற்குள், ஏரியில் கலந்து பாசியை வளர்க்கிற உரம் இரு கரை வயல்களிலும் குறைய வேண்டும். கமக்காரரைப் பகைக்க அவளுடைய மேலதிகாரிகளுக்கு மனமில்லை. ஜேர்மனி உறுதியாக நின்றால் தாங்களும் ஒத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஜேர்மனியின் கீல் நகர அலுவலகத்திலிருந்து வருகிற அனுஷன் நிற்பான் என்று நம்பினாள். எல்லைக்கு அந்தப் பக்கமும் ஒரு தமிழ்ப் பெடியன் என்று அறிந்த நாளிலிருந்து அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். ஒரே படகில் போய்த் தண்ணீர் அள்ளியிருக்கிறார்கள். போன கிழமைகூட, "நான் உங்களோட நிக்கிறன் அக்கா, யோசியாதேங்கோ" என்றான். இப்போது கெடுவை மேலும் பன்னிரண்டு வருடம் தள்ளிவைக்கும் தாளில், அவளைப் பாராமலே கையெழுத்திட்டான்.

வாசலில் அவனை மறித்தாள்.

"ஏன் தம்பி?"

"மேல இருந்து சொல்லிப்போட்டினம். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமில்லை அக்கா."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே. நான் வேற வழி பாத்திருப்பன்."

"சொன்னா நீங்கள் என்னோட கதைக்கமாட்டீங்கள்."

அவன் தலையைக் குனிந்தபடி ஏரிப்பக்கம் நடந்தான். அவளுடைய கைபேசி அடித்தது. ஹொல்ஸ்டெப்ரோ நகரிலிருந்து அப்பா சபாரத்தினம்.

"பிள்ளை, முள்ளிவாய்க்கால் முடிஞ்சுதாம். அங்க நிண்ட தவமலர் மாமியாக்களின்ரை சேதி ஒண்டுமில்லை." சபாரத்தினத்தின் குரல் உடைந்தது. "சண்டையை நிப்பாட்டச் சொல்லி ரோட்டு ரோட்டா நிண்டு கேட்டம். ஒருத்தரும் வரேல்லையே."

உள்ளே கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர்களிடம் இதை எந்த மொழியில் சொல்வது? சொல்லி அழக்கூடிய ஒரே ஆள் ஏரிப்பக்கம் போயிருந்தான். அந்த நினைப்பே அவளுக்குக் கசந்தது. ஆனாலும் கால்கள் அங்கேதான் போயின.

கரையில் அனுஷன் கைபேசியைக் காதோடு அழுத்தியபடி குந்தியிருந்தான். "முள்ளிவாய்க்கால்" என்று அவன் சொல்வது மட்டும் கேட்டது; முதுகு குலுங்கியது. சற்றுத் தள்ளி நின்று, "தம்பி" என்று கூப்பிட வாயெடுத்தாள். அப்போதுதான் அவன் காலடியைப் பார்த்தாள். காற்று தள்ளிவந்த பச்சைப் பாசி, கால்கள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டதைக்கூட அறியாதிருந்த அவன் சப்பாத்துகளின்மேல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.