இசக்கித்துரை வீட்டு வரி

குளத்துக்கு வரி பிரிக்கிற வேலையைச் சங்கரம்மாள் தானே ஏற்றுக்கொண்டதும் ஊரே வாயைப் பிளந்தது. "பழசையெல்லாம் மறந்துட்டா பாரேன், தங்கமான மனுசி" என்று பேசிக்கொண்டார்கள். மறந்துவிட்டாளாம்! மறக்கிற ஜென்மமா அவள்?

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. குளம் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ரைஹானா டீச்சர்தான் அதைக் கையில் எடுத்தார். சனிக்கிழமை தோறும் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போய், இது நத்தைகுத்தி நாரை, இது முக்குளிப்பான், தண்ணீர் நின்றால்தான் இதெல்லாம் வரும் என்று பாடம் நடத்தினார். கருவேலத்தைப் பிடுங்கி, மடையைச் சரிசெய்து, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கக் கரையில் ஒரு கொட்டகை போட வேண்டும் என்று நன்கொடை கேட்டு நோட்டீஸ் அடித்தார். ஒரு பயல் திரும்பிப் பார்க்கவில்லை.

"நன்கொடைன்னா எவன் தருவான் டீச்சர்? அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போடுத மாதிரி வீட்டுக்கு இவ்வளவுன்னு தலைக்கட்டு வரி போடுங்க, அடிச்சுப் பிடிச்சுட்டு வருவான். வீடு வீடாப் போய் நானே சொல்லுதேன்" என்றாள் சங்கரம்மாள்.

புளியங்குடியில் பிறந்து வளர்ந்த டீச்சருக்கு இதன் சூட்சுமம் தெரியாது. இந்த ஊரில் வரி என்பது வெறும் பணமா என்ன? வாங்கிக்கொண்டால் நீ ஊர்க்காரன். உன் வரி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நல்லது கெட்டதுக்கு ஈ காக்கை கூட உன் வாசலை எட்டிப் பார்க்காது.

சங்கரம்மாளுக்கு அதுதான் நடந்தது. மகள் பொன்செல்வி வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனாளே, அந்த வருஷம். அம்மன் கொடைக்கு வரி கொடுக்கப் போன சங்கரம்மாள் புருஷன் செல்லச்சாமியை, ஊர்த்தலைவர் இசக்கித்துரை கோயில் வாசலிலேயே நிறுத்தினார். "ஏலே செல்லச்சாமி, உன் வரி செல்லாது. எடுத்துக்கிட்டுப் போ." அந்த மனுஷன் ரூபாயைக் கையில் பிடித்தபடி கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அண்ணன் தம்பி, மாமன் மச்சான், கூடப் படித்தவன், எல்லோரும் நின்றார்கள். ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஏக்கத்திலேயே படுத்தவன் ஐப்பசியில் செத்துப்போனான். பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டும். பங்காளிகள் நாலு பேர் தலைக்கு மேலே வேட்டியைப் பிடித்துவர, குளத்திலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது முறை. யார் வந்தார்கள்? சங்கரம்மாள் தானே போய், கருவேல முள் காலைக் கிழிக்க, கலங்கிக் கிடந்த தண்ணீரில் ஒரு குடம் மொண்டுகொண்டு தெரு வழியாகத் தனியாக வந்தாள். அன்றைக்கு வயிற்றில் பற்றிய நெருப்பு ஏழு வருஷமாக அணையவில்லை.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இட்லிக் கடை போட்டு நிமிர்ந்தாள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தின்றுவிட்டு, அக்கா, அத்தை என்று பழையபடி ஒட்டிக்கொண்டார்கள். அவளும் சிரித்துச் சிரித்துச் சாம்பார் ஊற்றினாள்.

இப்போது வரி கேட்கிற வாய் அவள் வாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் கரைக்கு வந்து கட்டிவிட வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போனாள். இசக்கித்துரை வீட்டு வாசலை மட்டும், செருப்புச் சத்தம் உள்ளே கேட்கும்படி தாண்டிப் போனாள். திரும்பி வரும்போதும் அப்படியே தாண்டினாள். ஊருக்குப் புரிந்துபோயிற்று. தலைவர் பதவி போய் மூலையில் கிடந்த கிழவருக்குச் சோறு இறங்கவில்லை. "நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் சொல்லல?" என்று மருமகளைக் குடைந்தெடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கரையில் ஜேசிபி வந்து நின்றது. சங்கரம்மாள் வரி வாங்க, பக்கத்தில் உட்கார்ந்து டீச்சர் ரசீது எழுதினார். வரிசை அப்போதுதான் நகரத் தொடங்கியிருந்தது. வெளுத்த வேட்டி கட்டி, கம்பை ஊன்றிக்கொண்டு இசக்கித்துரை நேராக முன்னால் வந்தார்.

"என் வீட்டு வரி, சங்கரம்மா."

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே இத்தனை காலம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தாள்!

"உம்ம வரி செல்லாது அண்ணாச்சி. எடுத்துக்கிட்டுப் போம்."

டீச்சர் பதறிப்போனார். "அக்கா, பெரியவரு... நமக்கே பணம் பத்தலையே, வாங்கிக்கோங்க."

"நீங்க சும்மா இருங்க டீச்சர், இது ஊரு விவகாரம்." சங்கரம்மாள் எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "இந்த ஊருல பொறந்த ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'வாங்கிக்க'ன்னு சொல்லட்டும். வாங்குதேன்."

கிழவர் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் பேசி முடித்து வைத்த கல்யாணங்கள், அவர் தீர்த்துவைத்த வரப்புச் சண்டைகள், எல்லாம் அங்கேதான் நின்றன. ஒருத்தன் ஜேசிபியைப் பார்த்தான். ஒருத்தன் செல்போனைத் தடவினான். பார்க்கட்டும், நல்லாப் பார்க்கட்டும், என் புருஷன் பார்த்த மாதிரி பார்க்கட்டும்! கிழவர் முகம் முகமாகத் தேடுவதைச் சங்கரம்மாள் கண்கொட்டாமல் பார்த்தாள். அவ்வளவு ருசியாக இருந்தது. பணத்தை மடக்கிக்கொண்டு அவர் கரையோடு நடக்கத் தொடங்கினார்.

"நல்லாக் குடுத்த எக்கா!" என்று வரிசையின் முன்னாலிருந்து முப்பிடாதியம்மாள் கைதட்டினாள். "என்ன ஆட்டம் ஆடுனாரு மனுசன். அன்னைக்கே எங்களுக்கெல்லாம் வயிறு எரிஞ்சிச்சு, தெரியுமா?"

சங்கரம்மாளின் அடுத்த வீட்டுக்காரி அவள். நீர்மாலைக் குடத்தோடு சங்கரம்மாள் வந்த அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டவள். அவளுக்குப் பின்னால் "ஆமா, ஆமா" என்று நாலு குரல், சிரிப்பு வேறு.

சங்கரம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"எரிஞ்சிச்சோ? ஏட்டி முப்பிடாதி, அன்னைக்கு எங்கன போச்சு இந்த வாயி? அன்னைக்கும் இப்படித்தான நின்னிய எல்லாரும்? இன்னைக்கும் அதே மாதிரி நின்னுக்கிட்டு, என் பகையில பங்கு கேக்க வந்துட்டியளோ?"

அவள் கரையில் விறுவிறுவென்று நடந்தாள்.

"அண்ணாச்சி, நில்லும்!" கிழவரின் கையிலிருந்த பணத்தைப் பிடுங்கினாள். "இரக்கப்பட்டு வாங்குதேன்னு நெனச்சிராதியும். உம்ம மேல உள்ள ஆத்திரம் என் கட்டையோடதான் போகும். ஆனா நீரு மொகத்துக்கு நேரா சொன்னீரு. இந்தக் கூட்டத்தைச் சேத்துக்கிட்டு உம்மளத் தள்ளிவைக்க எனக்குக் கேவலமா இருக்கு."

அவர் கண் கலங்கியிருந்தது. "அன்னைக்கு ஒருத்தன்... ஒருத்தன் 'வாங்கும்'னு சொல்லியிருந்தா நானும் வாங்கியிருப்பேன் சங்கரம்மா. நெசமாச் சொல்லுதேன்."

"அந்த ஒருத்தன் நீராவே இருந்திருக்கலாம்லா வே?"

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள், மூச்சு வாங்கியது.

"இசக்கித்துரை, ஒரு தலைக்கட்டு. எழுதுங்க டீச்சர்." பிறகு வரிசையை நிமிர்ந்து பார்த்தாள். "அடுத்த வீடு யாரு?"

முப்பிடாதியம்மாள் கையில் ரூபாய் இருந்தது. ஆனால் அவள் முன்னால் வரவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற யாருமே வரவில்லை. நீட்டினால் வாங்குவாளோ மாட்டாளோ என்று ஒவ்வொருத்தர் முகத்திலும் பயம் அப்பிக் கிடந்தது. நிற்கட்டும் என்று சங்கரம்மாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.