அப்பா பட்டன்

அலுவலகக் கூட்டத்தில், சுவரில் விழுந்த வரைபடத்தில் பச்சைக் கோடு மலையேறிக்கொண்டிருந்தபோது அவளுடைய கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. அப்பா. ‘நலம்’ என்ற ஒற்றைச் சொல், பக்கத்தில் சிரிக்கிற சின்னச் சூரியன். அந்தச் சூரியனை வரைந்தவளே அவள்தான். மேஜைக்கு அடியில் வைத்தே ஓர் இதயத்தைத் தட்டி அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

“புது டிசைன் வந்து மூணு மாசம்தான் ஆகுது. ‘நலம்’ பட்டனை எப்படித் தட்டுறாங்க பாருங்க,” என்றான் டீம் லீடர். “போன் பண்ற கால் பட்டனைச் சீண்டக்கூட ஆளில்ல. ஜனங்களுக்குப் பேசப் பிடிக்கலைங்க. அடுத்த வெர்ஷன்ல அதைத் தூக்கிடலாம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா திங்கக்கிழமை ஆரம்பிச்சுடுவோம்.”

“அப்பா பட்டனுக்கு ரிட்டயர்மென்ட்டா!” என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்க, அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றாள்.

குடும்பத்தார் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான அந்தச் செயலியை அவளையும் சேர்த்து நான்கு பேர் ஒரு டயர் கடையின் மாடியில் தொடங்கியிருந்தார்கள். ரப்பர் வாடை தலைமுடியில் ஏறி வீடுவரை வரும். அங்கேதான் ஒரு நாள் காகிதத்தில் கைப்பேசியின் உருவத்தை வரைந்து, கீழே நட்டநடுவில் பெரிய பச்சை வட்டம் போட்டு, அதற்குள் ‘பேசு’ என்று எழுதினாள். “என்னங்க இது, பஸ் ஹாரன் மாதிரி?” என்று கேட்டார்கள். எங்க அப்பா பஸ் டிரைவர்தானே என்றாள். ‘அப்பா பட்டன்’ அன்றைக்கு ஒட்டிய பெயர். முதல் வடிவத்தை அப்பாவின் போனில்தான் போட்டுக் கொடுத்தாள். அதன்பிறகு மாலையானால் அழைப்பு வந்துவிடும். நேரில் அப்பா பேசுகிறவர் இல்லை. எதிரே உட்கார்ந்தால் ‘சாப்பிட்டியா’வுக்கு மேல் ஒரு சொல் பெயராது. போனில் வேறு ஆள். முகம் தெரியாததால் வந்த தைரியமோ என்னவோ, பக்கத்து வீட்டுத் தையல்காரர் மனைவியோடு போட்ட சண்டையை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவார். அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் தொண்டையைச் செருமிக்கொள்வார். அவள் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கியபடி காய் நறுக்குவாள். அந்தக் குரல் ஓடிக்கொண்டிருந்த சமையலறையை இப்போது நினைத்தால், அதில் எப்போதும் விளக்கு எரிவதுபோல் தோன்றுகிறது.

பிறகு ஊரெல்லாம் செயலிகளின் திரைகளைக் காலியாக்கியது. எழுத்து குறைய வேண்டும், வெள்ளை இடம் நிறைய வேண்டும், எல்லாம் ஒரே தட்டில் முடிய வேண்டும். அவளும் அதை நம்பினாள். பார்க்க அழகாகவும் இருந்தது. ‘பேசு’ என்ற சொல் போய், மெல்லிய கோட்டுப் படமாகி, மேல் மூலைக்குள் ஒதுங்கியது. கட்டைவிரலுக்கு எட்டுகிற நல்ல இடம் ‘நலம்’ வசம் போனது. அதற்குப் பின் அப்பா கூப்பிடவில்லை. ‘நலம்’ வந்தது. சில மாலைகளில் அடுத்தடுத்து மூன்று, நான்குகூட வரும். அப்பாவுக்குப் புது விளையாட்டு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். கூப்பிட வேண்டும் என்று தோன்றும்; அதான் நலம் என்று வந்துவிட்டதே என்று விட்டுவிடுவாள். உண்மையில் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. வேலை முடிந்த களைப்பில், ஓர் இதயத்தோடு முடிந்துபோகிற அப்பா.

சனிக்கிழமை மாலை சொல்லாமல் கிளம்பிப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஜன்னல் வழியாக அப்பா தெரிந்தார். கண்ணாடி போடாமல் போனைக் கையில் வைத்திருந்தார். திரையைப் பார்க்காமலே கட்டைவிரலால் ஓர் அழுத்து. போனைக் காதில் வைத்தார். காத்திருந்தார். அவள் கைப்பேசி அதிர்ந்தது: நலம். அவர் மறுபடி அழுத்தினார். மறுபடி காதில் வைத்தார். நலம்.

“எடுக்கல,” என்றார் உள்ளே யாரிடமோ.

“அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நீ ஒரு ஆளு, விடேன்ணா,” என்றது அத்தையின் குரல்.

செருப்பு பாதி கழன்றபடி அவள் நின்றாள். கைக்குள் மூன்றாவது முறையாக அதிர்ந்தது.

உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது அப்பா முகம் மலர்ந்து, “சாப்பிட்டியா?” என்றார்.

“அப்பா, நீங்க அழுத்துறது கால் பட்டன் இல்லப்பா.”

“இங்கதானே இருந்துச்சு?”

“மாத்திட்டாங்கப்பா.”

“யாரு?”

அவள் ஒரு கணம் தரையைப் பார்த்தாள். “நான்தான்.”

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். “பெத்த அப்பனுக்கே வழியை மாத்தி வெச்சுட்டியாடி!”

“பாத்து அழுத்த மாட்டீங்களாப்பா?”

“கியரைப் பாத்துப் பாத்தா போடுவாங்க? ரோட்டை யாரு பாக்குறது?” என்றார் அப்பா. பிறகு மெதுவாக, “நீ அந்த இதயத்தை அனுப்புவியா. சரி, வேலையா இருக்கா, அப்புறம் கூப்பிடுவான்னு நினைச்சுக்குவேன்.”

“என்ன சொல்லக் கூப்பிட்டீங்க? இத்தனை நாளா?”

அவர் யோசித்தார். உண்மையாகவே தேடினார். “அப்பப்ப ஏதோ இருந்துச்சும்மா. இப்ப என்னத்தச் சொல்ல.”

மேல் மூலையைக் காட்டிக் கொடுத்தாள். கட்டைவிரல் எட்டவில்லை, மறுகையின் ஆள்காட்டி விரலை அவளே பிடித்து வைத்தாள். “ரிவர்ஸ் கியர் மாதிரி எங்கியோ போய் ஒளிஞ்சிருக்கு,” என்றார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு ஓடவில்லை. அத்தை டீ போட எழுந்தாள்.

“நான் வெளிய போறேன். கூப்பிடுங்க,” என்றாள் அவள்.

“இங்கதானே இருக்கே?”

“கூப்பிடுங்கப்பா.”

தெருவில் இறங்கி நின்று டீம் லீடருக்கு எழுதினாள்: அந்தப் பட்டனை எடுக்க வேண்டாம். அது பழைய இடத்துக்கே வர வேண்டும். ‘நலம்’ பட்டனை ஜனங்கள் பேசத்தான் தட்டுகிறார்கள். உடனே பதில் வந்தது: ‘டேட்டா இருக்கா? எத்தனை பேர்?’ அவள் பதில் எழுதத் தொடங்கினாள். அதற்குள் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு அப்பாவின் பெயர் மணியோடு எழுந்தது.

“ஹலோ, நான்தான் பேசறேன்,” என்றார், அடுத்த ஊருக்குக் கத்துகிறவர்போல. குரல் முதலில் ஜன்னலிலிருந்து வந்தது. ஒரு மூச்சு தாமதித்து, அதே குரல் காதுக்குள். “எதிர்வீட்டுல அந்த மரத்தை வெட்டிட்டாங்க தெரியுமா?” அவள் திரும்பி, மரம் இருந்த இடத்தில் பளிச்சென்று கிடந்த வானத்தைப் பார்த்தாள். “ஐயோ, எப்பப்பா?” என்றாள்.