மிஸ்ஸிங் சத்தம்

நான்காவது ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தான் சின்னசாமி. நுனி கருகவில்லை, ஈரமும் இல்லை. கோளாறு பெட்ரோலில் இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறுதியானது.

சோழவரம் பந்தயத்துக்காக வேலூர் அம்பலவாணன் தயார் செய்துகொண்டிருந்த கார் அது. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற நைட்ரஸ் காஸ் அடைத்த சிலிண்டரைப் பின்சீட்டு இருந்த இடத்தில் பொருத்தியிருந்தார். விசையைத் தட்டினால் காஸ் எஞ்சினுக்குள் போய் வேகம் கூட வேண்டும். கூடவில்லை, எஞ்சின் விட்டுவிட்டு ஓடி வண்டி மிஸ்ஸிங் அடித்துக் குலுங்கியது.

கொண்டுவந்து விட்ட அன்றே அவர் கேட்டார்: "பெரியவரு இல்லீங்களா?"

எல்லோரும் கேட்பதுதான். அண்ணன் சகாதேவன் மட்கார்டில் கையை வைத்தே எஞ்சினில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடுவார். சின்னசாமி ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால்தான் உண்டு. வேலூர் ரோட்டில் இருவரும் சேர்ந்து இருபது வருஷமாக நடத்தும் ஷெட். போர்டில் இருப்பது அண்ணன் பேர்.

நுரையீரல் கெட்டு இரண்டு மாதமாக ஷெட்டை ஒட்டிய வீட்டில் படுத்திருந்தார் சகாதேவன். அங்கேயும் போய் நின்றார் அம்பலவாணன்.

"காஸுக்கு ஏத்த பெட்ரோல் போவல. பெட்ரோல் போற ஜெட்டைப் பெருசு பண்ணச் சொல்லுங்க அவனை," என்றார் சகாதேவன். தம்பி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

சின்னசாமி அப்படியே செய்தான். மிஸ்ஸிங் போகவில்லை. அண்ணனிடம் போய், "நீ சொன்னதைத்தான் பண்ணேன். சரியாவல," என்றான். சகாதேவன் கண்ணை மூடிக்கொண்டார். அன்று மத்தியானம் சின்னசாமி மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

இப்போது பிளக்கைப் பார்க்கப் பார்க்க விஷயம் புரிந்தது. காஸ் போனால் உள்ளே அழுத்தம் ஜாஸ்தி. அந்த அழுத்தத்தில் பொறி பிளக் நுனியில் இவ்வளவு இடைவெளியைத் தாண்டாது. கேஜ் கணக்கில் இருபத்தைந்தாக இருந்ததைப் பதினெட்டுக்குக் குறைத்து, நான்கையும் மாட்டினான். பொறி விழும் டைமிங்கையும் சற்றுப் பின்னுக்குத் தள்ளினான்.

வேங்கிக்கால் வரை போய்த் திரும்பினான். அண்ணன் படுத்திருந்த அறை ஜன்னல் நெருங்கும்போது வேண்டுமென்றே விசையைத் தட்டினான். கார் சீறிப் பாய்ந்தது. சத்தத்தில் ஒரு இடறல் இல்லை. கேளு, நல்லா கேளு என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தான்.

ஷெட்டுக்குத் திரும்பி வண்டியை நிறுத்தியபோது அண்ணி சரசு வாசலில் நின்றிருந்தாள். கையில் பால் தம்ளர்.

"பால் குடுக்கப் போனேன். வாங்கல, தம்பி."

உள்ளே ஓடினான். அண்ணனின் மூக்கருகே விரலை வைத்தான். மூச்சு படவில்லை. விரலை எடுக்க அவனுக்கு வெகுநேரமாயிற்று.

"அண்ணி, சத்தம் கேட்டாரா?"

"எந்தச் சத்தம்?"

மத்தியானம் கீழ்பென்னாத்தூரிலிருந்து பங்காளிகள் வந்துவிட்டார்கள். காரை எடுத்துப்போக பஸ்ஸில் வந்த அம்பலவாணன் அந்தக் காரிலேயே போய் மாலை வாங்கிவந்து போட்டார்.

"ஓட்டிப் பாத்தேன். துளி மிஸ்ஸிங் இல்ல," என்றார் அங்கிருந்தவர்களிடம். "படுத்தபடியே தம்பிக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காரு மனுஷன்."

எல்லோரும் சகாதேவனின் முகத்தைப் பார்த்தார்கள். சரசு மட்டும் சின்னசாமியைப் பார்த்தாள்.

"ஜெட்டைப் பெருசு பண்ணச் சொன்னாரு," என்றான் அவன். அதில் பொய் இல்லை. பிளக் இடைவெளியைக் குறைத்ததை விட்டுவிட்டான்.

குளிப்பாட்டும்போது அண்ணனின் வலது கையைத் தேய்க்க எடுத்தான். இரண்டு மாதத்தில் நகக்கண்ணில் இருந்த ஆயில் கறுப்பெல்லாம் போய், ஆபீஸ் வேலை பார்த்தவர் கைபோல அது வெளுத்திருந்தது. அவன் விரல் பட்ட இடத்தில், உள்ளங்கைக்குக் குறுக்கே கிரீஸ் ஒரு கோடாகப் படிந்தது.

அதைக் கழுவ பங்காளி ஒருவர் சொம்பைச் சாய்த்தார்.

"அது இருக்கட்டும்," என்று சின்னசாமி அந்த விரல்களை மெல்ல மடக்கி மூடினான்.