அல்ஃபியாவின் கால்கள்

மூன்று வயது முடிந்தபோது அல்ஃபியாவின் கால்கள் இரண்டும் முழங்காலுக்குக் கீழே வில்லாக வளைந்திருந்தன. ஓடினால் நாலு எட்டில் விழுந்துவிடுவாள்.

"உங்க மாமா காலும் இப்படித்தான். அவிய வம்சம் அப்படி" என்று ஹாஜரா, பிள்ளையின் அம்மாவான தன் மருமகள் ஃபரீதாவிடம், காலமான தன் கணவரைச் சொல்லுவாள். ஃபரீதாவும் அதை நம்பியிருந்தாள்.

ஃபரீதாவுக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை. காலையில் பிள்ளையையும் கூட்டிப்போய், பொழுதடையும்வரை துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்த்தி வைப்பாள். டீயில் நனைத்த ரஸ்க், மத்தியானம் ரசம் சோறு. பாலைக் கண்டாலே பிள்ளை குமட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை எம்புட்டு நேரம் வெயில்ல இருக்கா?"

ஃபரீதா யோசித்தாள். துணி மடிக்கிற ஷெட்டுக்குள் வெயில் ஏது? "என் தப்புதானா டாக்டர்?"

"தப்பு யாருதுன்னு பேசி என்னம்மா ஆகப்போகுது? எலும்பு உறுதிப்படல. கால்சியமும் பத்தல, விட்டமின் டியும் பத்தல. மருந்து நான் தாரேன். சாப்பாடும் வெயிலும் உங்க பொறுப்பு. அதுலயும் நிமிரலைன்னா பொறவு ஆபரேஷன் பத்தி யோசிப்போம்."

பஸ்ஸில் வரும்போது ஃபரீதா அழுதாள். மறுநாள் அழவில்லை. சூப்பர்வைசர் குருசாமியிடம் போய் நின்றாள்.

"அண்ணே, அரைமணி நேரம் முன்னாடியே வாரேன். பத்து மணிக்குப் பிள்ளையோட செத்த நேரம் முற்றத்துல இருக்கணும்."

அவர் முணுமுணுத்தார், ஆனால் விட்டார். ஹாஜராதான் விடவில்லை.

"பொட்டப்பிள்ளை கருத்துப்போவும் ஏட்டி."

"கருத்தாலும் நேரா நடக்கட்டும் மாமி."

மருந்தை நாள் தவறாமல் கொடுத்தாள். சாப்பாடுதான் பெரும் போராட்டம். கேழ்வரகுக் கூழைத் துப்பினாள் அல்ஃபியா. அதே மாவை முருங்கைக்கீரை போட்டு அடையாகச் சுட்டால் பாதி தின்றாள். பாலைத் தொடாதவள், கருப்பட்டி போட்ட தயிரை வழித்து நக்கினாள். நெத்திலியை மொறுமொறுவென்று பொரித்துக் கையில் கொடுத்தபோது, முள்ளோடு மென்றுவிட்டு இன்னும் கேட்டாள். அன்றைக்கு ஃபரீதாவுக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்தது. நாளடைவில் ஹாஜராவே முட்டையை அவித்து உரித்து வைத்துக்கொண்டு பிள்ளையைத் தேட ஆரம்பித்தாள்.

ஒரு வருசம் கழித்துப் புது எக்ஸ்ரே எடுத்தார்கள்; இந்தத் தடவை ஹாஜராவும் கூட வந்திருந்தாள். டாக்டரம்மா பழையதையும் புதியதையும் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்.

"ஆபரேஷனுக்கு வேலையே இல்லம்மா. மிச்சமிருக்க கொஞ்சமும் வளர வளர நிமிர்ந்துரும். என் மருந்து பாதிதான். மீதி நீங்க செஞ்சது."

பிறகு கதவைத் திறந்து, வெளியே இடுப்பில் பிள்ளையோடு காத்திருந்த ஒருத்தியை உள்ளே கூப்பிட்டார். மம்சாபுரத்துக்காரி. அந்தப் பிள்ளையின் கால்களும் வளைந்திருந்தன. "நான் சொன்னா இவங்க பயப்படுதாங்க. நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

 எட்டாம் வகுப்போடு நின்றவள் ஃபரீதா. டாக்டர் முன்னால் வாய் திறந்து என்ன சொல்ல? ஆனால் நெத்திலியில் தொடங்கியதும் பேச்சு தானாக வந்தது. என்னென்ன கொடுத்தாள், பிள்ளை எதைத் துப்பினாள், வெயிலில் நின்றபோது மற்றவர்கள் என்ன சொன்னார்கள், எத்தனை மாதம் மாற்றம் ஒன்றுமே தெரியாமல் போனது, எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஹாஜரா மூலையில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

மம்சாபுரத்துக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, நீங்க இங்க நர்ஸா?"

"இல்லம்மா, நான் பேண்டேஜ் கம்பெனில துணி மடிக்கேன்" என்றாள் ஃபரீதா. இதற்குமுன் யாரிடமும் அவள் அதை அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.